வாடைன்னா நாத்தம் இல்லீங்க!

போன தை மாசம், பெருந்துறை ரோட்டில் ஒரு டீக்கடை. மணி காலை ஆறு கூட ஆகவில்லை. நானும் என் வகுப்புத் தோழர்கள் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். கையை அக்குளில் சொருகிக்கொண்டு, பல் தந்தியடிக்க, டீ கிளாஸைக் கன்னத்தில் ஒட்டவைத்துக்கொண்டு. பக்கத்தில் விசைத்தறியில் வேலை பார்க்கும் பீகார்க்காரர் ஒருவர். நைட் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். உடைந்த தமிழில் பேச்சுக் கொடுத்தார்.

"எங்க ஊர்ல இப்ப பச்சுவா அடிக்கும். மேற்கு காத்து. ரொம்ப ரொம்ப குளிர். இங்க இந்த காத்துக்கு என்ன பேரு அண்ணா?"

மூணு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். மூணு பேரும் தமிழ்நாட்டில் பிறந்து, தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள். ஒருத்தன் "கோல்ட் விண்ட்" என்றான். இன்னொருத்தன் "கிளைமேட் சில்லுனு இருக்கு, அவ்ளோதான் ப்ரோ" என்றான். நான் புத்திசாலித்தனமாக "குளிர்காத்து" என்றேன். குளிர்ந்த காத்துக்குப் பேரு குளிர்காத்தாம். கண்டுபிடிச்சிட்டாரு விஞ்ஞானி!

பெஞ்சில் துண்டைத் தலையோடு போர்த்தி உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "ஏங்கண்ணு, இது வாட தானொ? வாடக்காத்து."

என் நண்பன் பட்டென்று கேட்டான்: "என்ன வாடைங்க தாத்தா? சாக்கடை வாடையா?"

நாங்கள் மூணு பேரும் சிரித்தோம். பெரியவர் சிரிக்கவில்லை. பீகார்க்காரரும் சிரிக்கவில்லை. "வாட... வாட..." என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். புதுசாக ஒரு வார்த்தை கற்றுக்கொண்டவர் அப்படித்தானே சொல்லிப் பார்ப்பார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வார்த்தை எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில், காற்றே பேசுகிற மாதிரி எழுதிய 'கேட்கிறதா என் குரல்' பாடத்தில் படித்திருக்கிறேன். கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை, வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்தக் காற்றே வந்து மூஞ்சியில் அறைந்தபோது சொல்லத் தெரியவில்லை. பரீட்சைத் தாளில் இருந்த வாடைக்கும் என் மூக்கை உறைய வைத்த வாடைக்கும் நடுவே யாரோ சுவர் எழுப்பி வைத்திருக்கிறார்கள். இந்தப் பதிவு அந்தச் சுவரைப் பற்றித்தான்.

முதலில் என் குட்டை நானே உடைத்துவிடுகிறேன். அந்த வார்த்தையை நான் சிரித்துத் தொலைத்தது இது முதல் தடவை இல்லை.

எங்கள் வீட்டில் குழித்தறி. சென்னிமலை என்றதும் உங்களுக்கு முருகன் கோயிலுக்கு அடுத்தபடி போர்வைதான் ஞாபகம் வரும். அந்தப் போர்வை நெய்கிற வீடுகளில் ஒன்று எங்களுடையது. நான் ஏழாவது படிக்கும்போது அப்பாவும் அம்மாவும் சொந்தக்காரர் கல்யாணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போயிருந்தார்கள். தறியில் புதுப் பாவு பிணைத்து அப்படியே இருந்தது. வீட்டில் நானும் அப்பாருவும்தான். அப்பாருவுக்கு அப்போதே கால் முடியாது. திண்ணையில் படுத்தபடியே குரல் கொடுத்தார்.

"கண்ணு, வாட எறங்கீருச்சாட்ட இருக்குது. தறி ரூம்பு சன்னலச் சாத்திப்போடு."

நான் உள்ளே போய் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். ஒரு வாடையும் வரவில்லை. எலி கிலி செத்துக் கிடக்கிறதா என்று தறிக்குழிக்குள் எட்டிப் பார்த்தேன். இல்லை. "ஒரு வாடையும் இல்லீங்க அப்பாரு" என்று சொல்லிவிட்டு கிரிக்கெட் ஆடப் போய்விட்டேன். அவர் என்ன நினைத்தாரோ, திரும்பக் கேட்கவில்லை.

சன்னல் இரண்டு நாள் திறந்தே கிடந்தது. மூன்றாம் நாள் காலை அப்பா வந்து தறியில் உட்கார்ந்தார். நாலு மிதி மிதிப்பதற்குள் ஒரு இழை அறுந்தது. அதை எடுத்துக் கட்டினார். அடுத்தது. அதைக் கட்டினார். அப்புறம் ஒரே சமயத்தில் மூன்று. பருத்தி நூலுக்கு ஒரு குணம் உண்டு: ஈரம் இருந்தால் பலம், காய்ந்தால் மொறுமொறுப்பு. பெரிய நூற்பாலைகளில் மெஷின் வைத்துக் காற்றில் ஈரம் கூட்டுவது இதனால்தான். கைத்தறிக்காரனுக்கு மெஷின் ஏது? தறிக்குழியின் மண் ஈரமும், சாத்திய சன்னலும்தான். வாடை வறண்ட காற்று. நம் உதட்டையே வெடிக்க வைக்கிற காற்று நூலை என்ன பாடு படுத்தும்!

அப்பா சன்னலைச் சாத்தினார், குழியில் தண்ணீர் தெளித்தார், காத்திருந்தார். அன்றைக்கு அரை நாள் போச்சு. கைத்தறியில் கூலி நெய்த துணிக்குத்தான். உட்கார்ந்திருந்த நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அப்பா என்னைத் திட்டவில்லை. "அப்பாரு சொல்லலையாடா?" என்று மட்டும் கேட்டார். சொன்னார். எனக்குத்தான் அந்த வார்த்தை புரியவில்லை.

இப்போது அப்பாரு இல்லை. டீக்கடைப் பெரியவர் "வாட" என்றபோது அதே குரல் மாதிரிதான் இருந்தது. நான் அப்போதும் சிரித்தேன்.

சரி, சென்டிமென்ட் போதும். சண்டைக்கு வருகிறேன் :)

என் கட்சி ரொம்பச் சின்னது. வாடை என்பது கவிதை வார்த்தை இல்லை. தகவல். எந்தத் திசையிலிருந்து காற்று வருகிறது, எந்த மாசம் இது, ஈரமா வறட்சியா, எந்தச் சன்னலைச் சாத்த வேண்டும், எந்த வேலையைத் தொடங்கலாம் என்ற அத்தனையும் இரண்டெழுத்துக்குள் இருக்கிறது. அப்பாரு "வடக்குச் சன்னல்" என்று சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? வாடை என்று சொன்ன பிறகு வடக்கு என்று எதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும்? "குளிர்காத்து அடிக்குது" என்றால் எந்தச் சன்னலைச் சாத்துவீர்கள்?

எங்கள் பக்கம் விவசாயிகளைக் கேட்டுப் பாருங்கள். மேகாத்து, கீகாத்து, தெக்கத்திக் காத்து, வாடக்காத்து என்று திசை வைத்துத்தான் பேசுவார்கள். அது அழகுக்காக இல்லை. பாலக்காட்டுக் கணவாய் என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் இருக்கிறது. ஆனி, ஆடியில் அந்த வாசல் வழியாக மேகாத்து பிய்த்துக்கொண்டு வரும். அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக்காற்று அதுதான். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நட்டு வைத்திருப்பது அதை நம்பித்தான். கார்த்திகை, மார்கழியில் கதை தலைகீழ். காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும். நம் ஊர் வழியாகப் போய் அதே வாசலில் நுழைந்து கேரளாவுக்குப் போகும். ஈரோட்டுப் பக்கம் தை, மாசியில் மஞ்சள் வெட்டி, வேகவைத்து, களத்தில் காயப்போடுவார்கள். அவர்களுக்கு இந்த வறண்ட காற்று வரம். எங்கள் தறிக்கு எமன். ஒரே காற்று, இரண்டு தொழில், இரண்டு தலையெழுத்து. அதனால்தான் அது வந்துவிட்டதா இல்லையா என்று சொல்ல எல்லாருக்கும் பொதுவாக ஒரு பேர் தேவைப்பட்டது.

இப்போது அந்தப் பேருக்கு என்ன ஆச்சு? நாலு பேர் சேர்ந்து அதைக் கொன்றுகொண்டிருக்கிறோம். ஒவ்வொருத்தராகப் பார்ப்போம்.

முதல் குற்றவாளி: பெருமைப் பேச்சாளர்கள்.

"உலகத்தில் காற்றுக்கு நான்கு பெயர் வைத்த ஒரே இனம் தமிழினம்! பெருமையோடு பகிருங்கள்!" வாட்ஸப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். முதலில், இது பொய். கிரேக்கர்கள் நான்கு திசைக் காற்றுக்கும் பேர் வைத்து, வடகாற்றை போரியாஸ் என்று தெய்வமாகவே ஆக்கினார்கள். காற்றுக்குப் பேர் வைக்காத ஊர் உலகத்தில் குறைவு. இரண்டாவது, இதை ஃபார்வர்டு பண்ணுகிற அண்ணன்களிடம் போய் "இப்ப வெளியே அடிக்கிறது எந்தக் காற்றுங்க?" என்று கேளுங்கள். செல்போனில் வெதர் ஆப்பைத் திறப்பார்கள். வார்த்தையைப் பாராட்டுவது வேறு, பயன்படுத்துவது வேறு. பீரோவில் பூட்டிவைத்த பட்டுப்புடவையைக் கரையான் அரிப்பது மாதிரி, பாராட்டிப் பாராட்டியே சாகடித்த வார்த்தைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன.

இரண்டாவது குற்றவாளி: 'இலக்கியச் சொல்' என்று முத்திரை குத்துகிறவர்கள்.

இவர்களைக் கேட்டால் உடனே நெடுநல்வாடை என்பார்கள். சரி, நெடுநல்வாடைக்கே போவோம். பத்துப்பாட்டில் ஒன்று, நக்கீரர் பாடியது, 188 அடி. தலைவனைப் பிரிந்த அரசியின் துயரம், பாசறையில் இருக்கும் பாண்டியன், இது அகமா புறமா என்ற பட்டிமன்றம். வகுப்பில் இவ்வளவுதான் சொல்வார்கள். ஆனால் அந்தப் பாட்டின் முன்பகுதியை ஒரு தடவை உரையோடு படித்துப் பாருங்கள். மாடு மேய்க்கிறவர்கள் மந்தையை மேட்டுக்கு ஓட்டிப்போய் நெருப்பில் கை காய்ச்சுகிறார்கள். மாடு மேய்ச்சலை மறக்கிறது. குரங்கு ஒடுங்கிக் கிடக்கிறது. கறவை மாடு பால் குடிக்க வந்த கன்றை உதைக்கிறது. வீட்டில் சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. விசிறியை மடக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, கணப்புச் சட்டியில் நெருப்பு மூட்டுகிறார்கள். குளிரில் யாழ் நரம்பு சுருதி விலகிப்போக, அதைச் சூடுபடுத்திச் சரிசெய்கிறார்கள்.

இது கற்பனையா? எனக்கு ரிப்போர்ட் மாதிரி இருக்கிறது. வாடை வந்தால் மாட்டுக்கு என்ன ஆகும், பாலுக்கு என்ன ஆகும், நரம்புக்கு என்ன ஆகும் என்று கூர்ந்து பார்த்து எழுதின ஆளுடைய ரிப்போர்ட். யாழ் நரம்பு சுருதி கெட்டதற்கும் எங்கள் தறியில் இழை அறுந்ததற்கும் பெரிய தூரமில்லை. அப்பாருவிடம் நக்கீரர் பேரைச் சொன்னால் திருவிளையாடல் படம்தான் ஞாபகம் வந்திருக்கும். நெடுநல்வாடையை அவர் படித்ததே கிடையாது. ஆனாலும் நக்கீரர் சொன்ன அதே வார்த்தையை, அதே காற்றுக்கு, அதே அர்த்தத்தில் சொன்னார். இடையில் எத்தனை நூற்றாண்டு! அந்தச் சங்கிலியைக் காப்பாற்றியது புலவர்களை விட அதிகமாக சன்னல் சாத்தச் சொன்னவர்கள்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். தென்றலுக்கு ஒரு குறையும் இல்லை. பெண் குழந்தைக்குப் பேர், தெருவுக்குப் பேர், பத்திரிகைக்குப் பேர். சன் டிவியில் 2009 முதல் 2015 வரை ஒரு சீரியலே ஓடியது. வாடை என்று யாராவது மகளுக்குப் பேர் வைத்தார்களா? சுகமாக வீசுகிற காற்றின் பேரை வைத்துக்கொண்டு, நம்மை வதைக்கிற காற்றின் பேரை விட்டுவிட்டோம். கொஞ்சம் யோசியுங்கள். தென்றல் வந்தால் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, சும்மா உட்கார்ந்து அனுபவிக்கலாம். வாடை வந்தால்தான் ஆயிரம் வேலை. எந்தப் பேர் நமக்கு அவசியம்?

மூன்றாவது குற்றவாளி: செய்திக்காரர்கள்.

மார்கழி வந்ததும் "தமிழகத்தை வாட்டும் குளிர் அலை" என்று தலைப்பு போடுகிறார்கள். குளிர் அலை என்பதற்கு இந்திய வானிலைத் துறை ஒரு வரையறை வைத்திருக்கிறது. சமவெளி ஊர்களில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கு வந்தால்தான் அந்தப் பேச்சையே எடுப்பார்கள். அதோடு வழக்கமான அளவை விட 4.5 டிகிரியாவது குறைந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் 17, 18 டிகிரிக்கே நாங்கள் மஃப்ளர் கட்டிவிடுவோம். ஆக, டெல்லிக்காரனுக்கான வார்த்தையைத் தப்பாக எடுத்து இங்கே ஒட்டவைக்கிறார்கள். இங்கே நடப்பதற்கென்றே அளவெடுத்துத் தைத்த வார்த்தை அலமாரியில் சும்மா தொங்குகிறது.

எல்லையைத் தாண்டிப் பாருங்கள். நம் வழியாகப் போய் கணவாயில் நுழைகிற அதே காற்றை பாலக்காட்டிலும் திருச்சூரிலும் விருச்சிகக் காற்று என்கிறார்கள். விருச்சிகம் என்றால் நம் கார்த்திகை. ஒவ்வொரு வருஷமும் அந்தப் பேரோடுதான் மலையாளப் பத்திரிகைகளில் செய்தி வருகிறது. கூகிளில் தேடிப் பாருங்கள், வண்டி வண்டியாய் வரும். காற்று கிளம்புவது நம் பக்கத்திலிருந்து, பேர் வைத்துக் கொண்டாடுவது அவர்கள்! கடல் தாண்டி ஈழத்துக்குப் போனால், மீனவர்கள் வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றை வைத்துத்தான் தொழிலையே பிரிக்கிறார்கள். நெடுந்தீவை வைத்து செங்கை ஆழியான் எழுதிய நாவலின் பேரே 'வாடைக்காற்று'. 1978-ல் அது படமாகவும் வந்தது. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று விதவிதமாகப் பட்டம் விடுகிறார்களே, அந்தப் பட்டங்களைத் தூக்கிப் பிடிப்பதும் இந்தக் காற்றுதான்.

நாலாவது குற்றவாளி: நாம்தான். "கிளைமேட் செம", "சில்லுனு இருக்கு மச்சி", "ஊட்டி மாதிரி இருக்குல்ல". முப்பது வருஷத்துச் சராசரிக்குப் பேர்தான் கிளைமேட். காலையில் ஆறு மணிக்கு அடிக்கிற காற்றுக்கு கிளைமேட் என்று பேர் வைத்த ஒரே இனம் வேண்டுமானால் நாமாக இருக்கலாம் :)

இனி எதிர்க்கட்சிக்கு வாய்ப்பு கொடுக்கிறேன். என் நண்பர்கள் ஏற்கனவே சொன்ன மூன்று மறுப்புகள் இவை.

"வடகிழக்குத் திசைக் காற்று என்பது அறிவியல், வாடை என்பது பழசு." அப்படியா? பிரான்ஸில் ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து குளிர்ந்து, வறண்டு இறங்குகிற காற்றுக்கு மிஸ்ட்ரல் என்று பேர். அந்தக் காற்றுக்குப் பயந்து பழைய பண்ணை வீடுகளில் வடக்குப் பக்கம் சன்னலே வைக்கமாட்டார்கள். வரிசை வரிசையாக சைப்ரஸ் மரம் நட்டு வயலைக் காப்பாற்றுவார்கள். அங்கே வானிலை அறிக்கையிலேயே மிஸ்ட்ரல் என்றுதான் சொல்கிறார்கள், அதனால் அவர்கள் அறிவியல் கெட்டுப்போகவில்லை. மிஸ்ட்ரல், போரா என்று மாசராட்டி கம்பெனி காருக்கே இந்தக் காற்றுகளின் பேரை வைத்தது.

ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே. குளிர்காலம் தொடங்கும்போது வருகிற காற்றுக்கு அங்கே கொகராஷி என்று பேர், மரத்தை வாட வைப்பது என்று அர்த்தம். டோக்கியோ பகுதிக்கும் ஓசாகா பகுதிக்கும் அந்த வருஷத்தின் முதல் கொகராஷி எந்தத் தேதியில் வந்தது என்று வானிலைத் துறையே அறிவிக்கிறது. சும்மா இல்லை, காற்றின் வேகம், திசை, தேதி எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்து. 2018-ல் டோக்கியோவில் அந்தக் கணக்குக்குப் பொருந்துகிற காற்று வரவில்லை, அறிவிப்பும் வரவில்லை. அவ்வளவு கறார். பாட்டி சொன்ன வார்த்தைக்கு மீட்டர் பொருத்திவிட்டார்கள், அவ்வளவுதான் விஷயம்.

நம்மால் முடியாதா? வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று வானிலைத் துறை ஒவ்வொரு வருஷமும் அறிவிக்கிறது. அதை முடிவுசெய்ய மழையை மட்டும் பார்ப்பதில்லை, கடலோரத்தில் கிழக்குத் திசைக் காற்று நிலைபெற்றுவிட்டதா என்றும் பார்க்கிறார்கள். ஆக, காற்றை அளக்கிற ஆள் இருக்கிறார், கருவி இருக்கிறது. மழை ஓய்ந்தபின் உள்மாவட்டங்களில் வடக்கிலிருந்து வறண்ட காற்று நிலைகொள்கிற நாளை "வாடை தொடங்கியது" என்று ஒரு வரியில் சொல்ல எத்தனை செலவாகும்? வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்கு 2020-ல் வெளியிட்ட பட்டியலில் இந்தியா கொடுத்த பேர்களில் முரசு, நீர் என்ற பேர்களும் உண்டு. எப்போதோ வரப்போகிற புயலுக்குத் தமிழ்ப் பேர் தயார். வருஷம் தவறாமல் வருகிற காற்றுக்கு, ஏற்கனவே இருக்கிற பேரைச் சொல்ல நாக்கு கூசுகிறது.

"வாடை என்றால் நாற்றம் என்றுதானே இப்போது அர்த்தம்?" அகராதியில் இரண்டு அர்த்தமும் இருக்கிறது, மறுக்கவில்லை. கருவாட்டு வாடை, கவிச்சி வாடை எல்லாம் நானும் சொல்வேன். ஆனால் "மாலையில் மாலை வாங்கினேன்" என்றால் உங்களுக்குக் குழப்பமா வருகிறது? "படி ஏறி வந்து படி" என்றால்? ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருப்பது தமிழுக்குப் புதுசா? வார்த்தையில் குழப்பம் இல்லை. ஒரு அர்த்தத்தை நாம் சொல்வதை நிறுத்திவிட்டோம், அதனால் மிச்சமிருக்கிற அர்த்தம் மட்டும் காதில் விழுகிறது. திரும்பச் சொல்ல ஆரம்பித்தால் திரும்பக் கேட்கும்.

"இப்ப யாருடா தறி நெய்யறா? ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பவனுக்கு வாடை எதற்கு?" இதுதான் உண்மையிலேயே கனமான கேள்வி. குழித்தறிகள் குறைந்துகொண்டே வருகின்றன, எங்கள் தெருவிலேயே எத்தனையோ தறி நின்றுபோச்சு. தொழில் போனால் வார்த்தையும் போகும் என்பது நியாயம்தான். ஆனால் காற்று போகவில்லையே! ஆஸ்துமா இருக்கிறவர், விடிகாலையில் பைக்கில் பால் கொண்டுபோகிறவர், கோழிப்பண்ணையில் குஞ்சுகளுக்குச் சாக்குப் படுதா கட்டுகிறவர், மஞ்சள் காயவைக்கிறவர், நைட் ஷிப்ட் முடிந்து நடந்து வருகிற அந்தப் பீகார்க்காரர், இத்தனை பேர் மேலும் அது அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. கோழிப்பண்ணைக்காரர் படுதாவை வடக்குப் பக்கம்தான் கட்டுகிறார். அவருக்கு இன்றைக்கும் வாடை என்ன என்று தெரியும். அந்த வார்த்தையை அவர் பிள்ளைக்கு நாம் இல்லை என்று ஆக்கக் கூடாது.

ஒரு விஷயம் நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். குளிர் வடக்கேயிருந்து எங்கள் ஊருக்கு வருகிறது. எங்கள் ஊர்ப் போர்வை வடக்கே போகிறது. பண்டமாற்று மாதிரி! இது புது வியாபாரமும் இல்லை. சென்னிமலையிலிருந்து மேற்கே, நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. அங்கே தோண்டியபோது நூல் நூற்கும் தக்களிகளும் கல்மணிகள் செய்த தடயங்களும் கிடைத்தன. கணவாய் வழியாக முசிறிக்குப் போகும் பாதையில் இருந்த ஊர் அது. முசிறியில் சரக்கு ஏற்றிய மேற்குநாட்டுக் கப்பல்கள் ஊர் திரும்ப இந்த வடகிழக்குக் காற்றுக்குத்தான் காத்துக்கிடந்தன. நூலை அறுத்ததும் இந்தக் காற்றுதான், நூலை விற்க வழிவிட்டதும் இந்தக் காற்றுதான்.

நான் கேட்பது பெரிய போராட்டமெல்லாம் இல்லை. சாலை மறியல் வேண்டாம், மீம் வேண்டாம், "தமிழன்டா" வேண்டவே வேண்டாம். அடுத்த கார்த்திகை, மார்கழியில் காலையில் வெளியே வந்ததும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். எந்தக் கன்னத்தில் குளிர் அறைகிறது என்று பாருங்கள். வடக்குப் பக்கக் கன்னம் என்றால், பக்கத்தில் நிற்பவரிடம் "வாடை வந்துருச்சு" என்று சொல்லுங்கள். அவர் மூக்கைப் பொத்தினால் அர்த்தம் சொல்லுங்கள். செய்தித்தாளில் வேலைக்குப் போகப் போகிறவர்கள் தலைப்பில் போடுங்கள். வானிலைத் துறையில் சேரப் போகிறவர்கள் (நம் வகுப்பில் இரண்டு பேர் இருக்கிறீர்கள், தெரியும்!) அறிக்கையில் போடுங்கள்.

நான் ஏற்கனவே ஆரம்பித்துவிட்டேன். டீக்கடைச் சம்பவத்துக்கு மறுநாள் தறி ரூமில் வடக்குச் சன்னல் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் "வாடை" என்று எழுதி, தேதியும் போட்டேன். அடுத்த வருஷம் வந்ததும் அதற்குக் கீழே அந்தத் தேதியை எழுதுவேன். அப்பா பார்த்தார். "இதென்னடா, சன்னலுக்குப் பேரு எழுதீருக்கற?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தறியில் உட்கார்ந்தபடியே சொன்னார்:

"எழுதுனதெல்லாஞ் செரி. மொதல்ல சாத்து."

சாத்தினேன்.

டிஸ்கி: டீக்கடையில் சாக்கடை வாடையா என்று கேட்ட நண்பன் இதைப் படிப்பான். மாப்ள, உன் பேரைப் போடவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிடு. வடக்குப் பார்த்து நின்று குடிப்போம் :)